நாவல் மரமும் ஓர் இடைவெளியும்

1

நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. எங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்கும் யூகலிப்டஸ் மரத்தில், கூரைமேல் சாய்ந்திருக்கும் இரண்டு கிளைகளை வெட்டிக்கொள்ள எனக்கு அனுமதி கொடுத்திருந்தார்கள். என் வீடு, என் கொல்லை, என் மரம். விண்ணப்பம் போட்டு நாலு மாதம் ஆகியிருந்தது.

மெல்பர்னுக்கு வந்து இருபத்தேழு வருஷமாகிறது. வந்த புதிதில் இந்த மாதிரி சமாசாரங்களை எல்லாம் ஊருக்கு எழுதிச் சிரித்திருக்கிறேன். மரத்தைத் தொடவும் மனுப் போட வேண்டிய தேசம் என்று. இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை.

கிளையை வெட்ட நினைத்ததற்குக் காரணம் பாஸம். பூனை அளவில் உருண்டைக் கண்ணும் புசுபுசு வாலுமாக ஒரு பிராணி. அந்தக் கிளை வழியாகக் கூரைக்கு வந்து தடதடவென்று ஓடும். பிறகு கீழே இறங்கி, தொட்டியில் வைத்திருக்கும் கறிவேப்பிலைச் செடியை மொட்டையடித்துவிட்டுப் போகும். குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள்ளே ஹீட்டர் பக்கத்தில் வைத்து, குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்ட செடி. வெயில் வந்ததே என்று வெளியே வைத்தால் மறுநாள் காலையில் குச்சிதான் நிற்கும். பாஸத்தைப் பிடித்துத் தொலைவில் கொண்டுபோய் விடவும் கூடாது. அதற்கும் சட்டம் இருக்கிறது.

விண்ணப்பத்தை நிரப்பியவள் என் மகள் மீரா. தனி வீடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு வருவாள். எனக்கு ஆங்கிலம் வராமலில்லை. அரசாங்க ஆங்கிலம் அவளுக்குத்தான் வரும். படிவத்தில் இரண்டு கட்டம் இருந்தது. மரத்தை நீக்குவதற்கு ஒன்று, கிளையைக் குறைப்பதற்கு ஒன்று. மரத்தில் பொந்து உண்டா, பொந்தில் யாராவது குடியிருக்கிறார்களா என்றுகூடக் கேட்டிருந்தார்கள்.

பிறகு ஓர் இளம்பெண் தலைக்கவசமும் ஏணியுமாகப் பார்வையிட வந்தாள். எதற்காக விண்ணப்பித்தீர்கள் என்று கேட்டாள். "மரத்தை வெட்ட வேண்டும்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"முழு மரத்தையுமா?"

அன்றைக்கு வந்திருந்த மீரா குறுக்கே விழுந்து திருத்தினாள். அந்தப் பெண் மறுபடியும் என்னிடம் திரும்பி, என் வாயால் நான் சொல்லும்வரை காத்திருந்தாள். சொன்ன பிறகுதான் எழுதினாள்.

போன வருஷம் சென்னை மந்தைவெளியிலிருந்து ஒருவர் இதே கேள்வியை என்னிடம் கேட்டார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடிதம் வந்த அன்றைக்கு அது நடந்து சரியாக ஒரு வருஷம்.

2

மந்தைவெளி ரயில் நிலையத்திலிருந்து எங்கள் வீடு நடக்கிற தூரம். இரண்டு பக்கமும் அடுக்குமாடி எழும்பிவிட்டதால், தெருவிலிருந்து பார்த்தால் பல் விழுந்த இடம் மாதிரி இருக்கும். முன்பக்கம் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கொல்லைதான் வீடு. கிணறு, துவைக்கிற கல், துளசி, நந்தியாவட்டை, கறிவேப்பிலை, கற்பூரவல்லி, சுவரோரம் இரண்டு வாழை. நடுவில் நாவல் மரம். அதை யாரும் நடவில்லை. ஏதோ பறவை போட்டுவிட்டுப் போன கொட்டை. நான் பள்ளிக்கூடம் போகும்போது இடுப்பளவு இருந்தது. நான் விமானம் ஏறும்போது மொட்டைமாடியைத் தாண்டியிருந்தது.

அந்த வீட்டில் இருந்தவள் என் அக்கா விசாலி. எனக்கு ஒன்பது வயது மூத்தவள். கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அது அவள் முடிவு, அதில் சோகக் கதை எதுவும் கிடையாது. சோகம் கண்ணில் வந்தது. கண் அழுத்த நோய். பத்து வருஷத்தில் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் வெளிச்சம் எது இருட்டு எது என்பது மட்டும் மிஞ்சியது.

ஆனாலும் தனியாகத்தான் இருப்பேன் என்றாள். இருந்தாள். அவளுக்கு மணி சொன்னது அந்த மரம்தான்.

நான் மிகைப்படுத்தவில்லை. முதலில் காக்காய். அப்புறம் மைனா. வெயில் ஏறியதும் ஒரு பச்சைக் குருவி, பெயர் குக்குறுவான், யாரோ தொலைவில் செம்புப் பாத்திரத்தைத் தட்டுவதுபோல டொக் டொக்கென்று தட்ட ஆரம்பிக்கும். அக்கா அதற்கு வைத்த பெயர் பாத்திரக்காரன். பாத்திரக்காரன் கடையைத் திறந்துவிட்டால் குளிக்கப் போவாள். அணில் கீச்கீச்சென்று கத்தினால் கீழே பூனை வந்திருக்கிறது, பாலை மூட வேண்டும். கிளிகள் கும்பலாக வந்து இறங்கினால் நாலு மணி, காபி போட வேண்டும். நான் இங்கிருந்து கூப்பிடும்போது போனை மரத்துப் பக்கம் நீட்டி, "கேட்டியாடா சீனு? இன்னிக்கு என்ன ரகளை பண்றதுகள் பாரு" என்பாள். எனக்கு ஒன்றும் பிரித்துத் தெரியாது. "ஆமாங்கா" என்பேன்.

செடிகளை மோப்பத்தாலும் விரலாலும் அறிவாள். கறிவேப்பிலையில் பச்சைப் புழு பற்றினால் கையில் தட்டுப்படும். எடுத்துப் போட மாட்டாள். "அது தின்னது போக மிச்சம் எனக்குப் போறும்" என்பாள். மழை பெய்தால் கொல்லையெங்கும் நத்தைகள் ஏறும். அவற்றை மட்டும் அவளுக்குப் பிடிக்காது, காலில் மிதிபடும் என்று.

அந்த நத்தைகளைப் பொறுக்கிப் போடுகிறவர் ஏழுமலை. பதினாலு வருஷமாக வாரம் இரண்டு நாள் வந்து தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவர். முன்பு அடையாறு ஆற்றோரம் குடிசை. அதைக் காலி செய்து பெருங்குடிக்கும் அப்பால் ஒரு குடியிருப்பில் ஏழாவது மாடியில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். கொல்லைக் கதவிலிருந்து நாவல் மரம்வரை ஒரு நைலான் கயிற்றை இடுப்பு உயரத்தில் இழுத்துக் கட்டிக் கொடுத்தவரும் அவர்தான். அதைப் பிடித்துக்கொண்டுதான் அக்கா தினமும் மரத்தடிக்குப் போவாள். போய் அடிமரத்தில் கையை வைத்துக்கொண்டு சற்று நேரம் நிற்பாள்.

3

பக்கத்து அடுக்குமாடியின் செக்ரட்டரி நல்ல மனிதர்தான். ஆனால் ஆனி மாதம் வந்தால் எனக்குப் போன் செய்ய ஆரம்பித்துவிடுவார். நாவல் பழம் கார்களின்மேல் விழுந்து கறை பிடிக்கிறது. கிளை வழியாக மரநாய் வந்து அவர் வீட்டு ஃபால்ஸ் சீலிங்குக்குள் குடித்தனம் நடத்துகிறது. அக்காவிடம் சொன்னால், "மரநாயும் எங்க போகும் பாவம்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறாளாம். நீங்களாவது ஏதாவது செய்யுங்கள் சார் என்றார்.

அவர் கேட்டது நியாயம். சுவரைத் தாண்டிய கிளைகளை மட்டும் குறைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். அக்காவிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள், பேச்சு வளரும். நேராக ஏழுமலைக்கு வாட்ஸப் அனுப்பினேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பேசுகிற தமிழ் ஒரு மாதிரி. ஆத்துல, போயிண்டு, வந்துண்டு. அதை ஏழுமலைக்கு எழுத முடியாது, நான் யார் அவர் யார் என்று எழுத்திலேயே மார் தட்டுவதுபோல் இருக்கும். அவர் பேசுகிற தமிழை நான் எழுதினால் கிண்டல் செய்வதுபோல் இருக்கும். ஆகவே இரண்டும் வேண்டாமென்று, மரியாதையாக, புத்தகத் தமிழில் எழுதுவேன். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. இங்குள்ள தமிழ்ச் சங்க மலருக்கு ஒற்றுப்பிழை பார்ப்பவன் நான். "ஒரு இடைவெளி" என்று யாராவது எழுதினால் "ஓர்" என்று சிவப்பில் திருத்துவேன்.

அன்றைக்கு நான் எழுதியது இது: "ஏழுமலை, பக்கத்து ஃப்ளாட்டுக்குத் தொந்தரவாக இருக்கிறதாம். நாவல் மரத்தை வெட்டிவிடுங்கள்."

முடியை வெட்டி விடுவது, நகத்தை வெட்டி விடுவது, செம்பருத்தியை வெட்டி விடுவது. வெட்டி விடு என்றால் எங்கள் வீட்டில் அளவாகக் குறைத்து விடு என்று அர்த்தம். ஏழுமலையும் "செடிய வெட்டி வுட்டுக் கீறேம்மா" என்றுதான் சொல்வார். அடியோடு போக வேண்டுமென்றால் "வெட்டிடு". வாயால் சொல்லும்போது இரண்டும் குழம்பவே குழம்பாது. எழுத்தில் இரண்டுக்கும் நடுவே இருப்பது ஓர் இடைவெளி. அந்த இடைவெளியை நான் விட்டுவிட்டேன். கிளை என்ற சொல்லையும் எழுதவில்லை. மனதில் கிளை இருந்ததால் எழுதிவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன்.

அதே வரியைச் செக்ரட்டரிக்கும் அனுப்பினேன், நடவடிக்கை எடுத்தாகிவிட்டது என்று காட்டிக்கொள்ள. அவர் சுறுசுறுப்பானவர். மறுநாள் காலையிலேயே மரம் அறுக்கும் மிஷினோடு இரண்டு ஆட்களை அனுப்பிவிட்டார்.

அப்போது இங்கே மத்தியானம். நான் அலுவலகத்தில் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். ஏழுமலையிடமிருந்து குரல் செய்தி வந்தது. நாற்பத்திரண்டு விநாடி. கூட்டத்தில் எப்படிக் கேட்பது? என்ன கேட்கப்போகிறார், எப்போது ஆரம்பிக்கலாம் என்றுதான் கேட்டிருப்பார் என்று நினைத்து, மேஜைக்கடியில் போனை வைத்துக்கொண்டு, கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படத்தை அனுப்பினேன். பிறகு அதை மறந்துவிட்டேன்.

4

சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள். குரலே இல்லை.

"சீனு, மரத்த எடுத்துட்டாடா."

எந்த மரம் என்று கேட்டேன். "நீ சொன்னியாமே. ஏழுமலை சொல்றான். நீ ஓக்கே போட்டியாம்" என்றாள்.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான்தான் அக்கா, கவனிக்கவில்லை, அவர் கேட்டதைக் கேட்கக்கூட இல்லை என்று. திட்டியிருப்பாள், அழுதிருப்பாள், அத்தோடு போயிருக்கும். ஐம்பத்தொன்பது வயதில் அக்காவிடம் திட்டு வாங்கப் பயந்தேன். எழுதவே கூசுகிறது, ஆனால் அதுதான் நடந்தது.

"நான் கிளையை மட்டுந்தான் சொன்னேன்க்கா. நான் எதுக்கு மரத்தை எடுக்கச் சொல்லப்போறேன்? அவன்தான் சரியாப் படிக்காம பண்ணிட்டான்" என்றேன். எழுத்தில் வாங்க போங்க என்று மரியாதை கொடுத்தவன், குற்றத்தை ஏற்றும்போது அவன் இவன் என்று இறங்கிவிட்டேன்.

"அப்ப பொய் சொல்றானா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. சும்மா இருந்தேன். அது போதுமாயிருந்தது.

அடுத்த முறை ஏழுமலை வந்தபோது, வாசலிலேயே நிறுத்தி, "எனக்குக் கண்ணுதான் போச்சு. ஏமாத்தலாம்னு பாத்தியா? இனிமே இந்தப் பக்கம் வராதே" என்று சொல்லியிருக்கிறாள். இதை அக்காவே எனக்குச் சொன்னாள், நல்ல காரியம் செய்த மாதிரி. நான் "ம்" என்றேன்.

மைனாக்கள் மூன்று நாள் அந்த வெற்றிடத்தைச் சுற்றிக் கத்தினவாம். அணில் குஞ்சுகள் இரண்டு கீழே கிடந்தன. கூட்டிப் பெருக்க வந்த பெண் செருப்புப் பெட்டியில் வைத்துப் பஞ்சில் பால் நனைத்துக் கொடுத்துப் பார்த்தாள். ஒரு நாள்தான் இருந்தன. கிளிகள் மட்டும் பல நாள் வரைக்கும் நாலு மணிக்கு வந்து, அடுக்குமாடியின் கேபிள் கம்பியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போயின. அப்புறம் அவையும் நின்றுவிட்டன.

"இப்ப ஏசி மெஷின்தாண்டா கேக்கறது. பாத்திரக்காரன் எங்க போனானோ" என்றாள் ஒருநாள். இன்னொரு நாள், மத்தியானம் தூங்கி எழுந்து, விடிந்துவிட்டது என்று நினைத்துப் பல் தேய்த்துக் காபி போட்டுக் குடித்திருக்கிறாள். இருட்டிக்கொண்டு வந்ததும்தான் தெரிந்ததாம். அதைச் சொல்லும்போது சிரித்தாள். மணி சொல்லும் கைக்கடிகாரம் ஒன்றை இங்கிருந்து வாங்கி அனுப்பினேன். பொத்தானை அமுக்கினால் ஒரு வெள்ளைக்காரி நேரம் சொல்வாள். அக்கா இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு அலமாரியில் போட்டுவிட்டாள்.

ஏழுமலை இல்லாமல் செடிகள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. மரம் போனதால் கொல்லை முழுக்க வெயில். மரத்தில் கட்டியிருந்த கயிற்றை ஆட்கள் அவிழ்த்துக் கதவோரம் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். முழங்கால் உயரத்துக்கு அடிமரம் மட்டும் நின்றது. பழக்கதோஷத்தில் அக்கா கயிறு இல்லாமலே நடந்து போய், அதன்மேல் இடித்து விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது.

இனிமேல் தனியாக இருக்க முடியாது என்று நான் சொன்னேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியிருக்க வேண்டும். பெருங்குடி தாண்டி ஒரு முதியோர் இல்லத்தை மெல்பர்னில் உட்கார்ந்தபடியே படம் பார்த்து, படிவம் நிரப்பி, ஏற்பாடு செய்தேன். கொல்லையும் வீடும் பூட்டிக்கொண்டன. அந்த நாற்பத்திரண்டு விநாடிச் செய்தி என் போனில் அப்படியே இருந்தது, இன்னும் கேட்கவில்லை என்று காட்டும் புள்ளியோடு. புது போன் மாற்றினேன். அதிலும் வந்து உட்கார்ந்துகொண்டது.

5

நகராட்சிக் கடிதம் வந்த வாரமே டிக்கெட் எடுத்தேன். நீயும் வாயேன் என்று மீராவைக் கூப்பிட்டேன். அத்தையிடம் என்ன பேசுவது, எனக்குத் தெரிந்த தமிழ் முப்பது சொல்தானே என்றாள், ஆங்கிலத்தில். அந்த முப்பதுக்குள் வெட்டு இருக்கும், வெட்டி விடு இருக்காது. அவளைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை.

மந்தைவெளி வீட்டைத் திறந்து கொல்லைக்குப் போனேன். கிணற்று மேடையில் பூனை ஒன்று படுத்திருந்தது, என்னைப் பார்த்து எழுந்திருக்கக்கூட இல்லை. கற்பூரவல்லி மட்டும் எப்படியோ பிழைத்து, தொட்டியிலிருந்து இறங்கித் தரையில் படர்ந்திருந்தது. நாவல் அடிமரத்தின் ஓரத்தில் சிவப்பாக நாலைந்து துளிர். நான் அதைப் பார்த்துச் சந்தோஷப்படவில்லை. அது மரமாவதற்குள் அக்காவும் இருக்க மாட்டாள், நானும் இருக்க மாட்டேன்.

அங்கிருந்து ஏழுமலையைத் தேடிப் போனேன். லிஃப்ட் ஓடவில்லை. ஏழாவது மாடி நடைவழியில், பெயிண்ட் டப்பாக்களில் கனகாம்பரமும் இரண்டு தக்காளிச் செடியும் இருந்ததால் வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. அவரே கதவைத் திறந்தார். மெலிந்திருந்தார்.

"இன்னா சார், எப்போ வந்தீங்க? உள்ள வாங்க. ஏழு மாடி ஏறியா வந்தீங்க?" என்றவர், உள்ளே திரும்பித் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

மன்னிச்சுக்குங்க ஏழுமலை என்று ஆரம்பித்தேன். அவர் அதைக் கேட்காதவர்போல் தக்காளிச் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கேட்டேன் சார்."

"தெரியும்."

"நீங்க கட்ட வெரல் போட்டீங்க."

"ஆமா."

"அம்மாகிட்ட போன காட்டினேன் சார். பாருங்கம்மா, சார் ஓக்கே போட்டுக் கீறாருன்னு. காட்டினப்புறம்தான் நெனப்பு வந்துச்சி, அவங்களுக்கு எங்க தெரியப்போவுதுன்னு. எழுத்தா இருந்தா யாரனா உட்டுப் படிச்சிக் காட்டச் சொல்லியிருப்பேன். படம் சார். படத்த எப்டி சார் படிக்கிறது?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"மரம் போனா போச்சி, இன்னா பண்றது. நம்ம கையாலதான போச்சி. திட்டினாங்க, அதுவும் பரவால்ல, டீச்சரம்மா திட்டாத நாளு ஏது. பொய் சொல்றியாடான்னாங்க சார். பதினாலு வருசம் அந்த ஊட்ல சாவி எங்க கீது, இன்னா எங்க கீதுன்னு எனக்குத் தெரியும். ஒரு தபா கூட..."

நீங்கள் என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். அசட்டுத்தனமான பேச்சு.

"ஒண்ணும் வேணாம் சார். அந்த வாய்ஸு உங்ககிட்ட கீதா?"

"இருக்கு."

"அத்த அம்மாவுக்கு ஒரு தபா போட்டுக் காட்டுங்க. போட்டுட்டு, நான்தான் வெரல் போட்டேன்னு உங்க வாயால சொல்லிடுங்க. அது போதும் எனக்கு."

நீங்களும் வாருங்கள் என்று கூப்பிட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். "அவங்க கூப்டட்டும் சார், அப்போ வரேன்" என்றார். படியிறங்கும்போது, அந்தச் செய்தியை நான் இன்றுவரை கேட்கவே இல்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

6

அக்காவுக்கு நாலாவது மாடியில் அறை. சுத்தமாக இருந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஜன்னலுக்கு வெளியே புறாவுக்காகப் பச்சை வலை அடித்திருந்தார்கள். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னல் பக்கமாகக் காதைத் திருப்பி வைத்திருந்தாள்.

"இங்க புறா மட்டுந்தாண்டா. அதுவும் வலைக்கு அந்தண்டை. ஓயாம முனகறது" என்றாள். வலது மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகச் சேர்ந்திருந்தது. என் முகத்தைத் தடவிப் பார்த்து, "இளைச்சுப் போயிட்டே" என்றாள். மீரா எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். நன்றாக இருக்கிறாள் என்றேன். அவ்வளவுதான் எங்களுக்குப் பேச்சு.

"அக்கா, ஒண்ணு கேக்கணும் நீ" என்று போனை எடுத்தேன்.

பொத்தானை அழுத்தினேன். முதலில் வந்தது ஏழுமலையின் குரல் இல்லை. டொக். டொக். டொக். டொக்.

அக்கா நிமிர்ந்தாள்.

"சார், ஏழுமல பேசறேன். மிசினு ஆளுங்க வந்து நின்னுக்கினு கீறாங்க. மொத்தமாவா சார்? கெளைங்க மட்டுமா? மரத்துல பழம் கீது, மைனா கூடு ரெண்டு கீது. டீச்சரம்மா வேணாம்னு சொல்லிக்கினு கீறாங்க. ஒரு வார்த்த வாயால சொல்லிட்டீங்கன்னா..."

அதற்குப் பின்னால், சற்றுத் தொலைவிலிருந்து, அக்காவின் குரல் வந்தது. இப்போது இருக்கிற குரல் இல்லை. வகுப்பறையில் கடைசி பெஞ்சுவரை கேட்கிற குரல்.

"அவன் அப்படிச் சொல்லியிருக்க மாட்டான். நன்னா கேளு."

ஓர் அணில் நீளமாகக் கத்தியது. பிறகு மறுபடியும் டொக், டொக் என்று தட்டிக்கொண்டிருக்கும்போதே செய்தி முடிந்துவிட்டது.

அறையில் புறா முனகல் மட்டும் இருந்தது. நான் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். "இதை அன்னிக்கு நான் கேக்கலைக்கா. கேக்காமலே சரின்னு கட்டைவிரல் படத்தைப் போட்டேன். ஏழுமலை பொய் சொல்லலை. நான்தான் சொன்னேன்."

"நன்னாத்தான் கேட்டிருக்கான்" என்றாள். "அவன என்னெல்லாம் சொன்னேன் தெரியுமா? வாசல்ல நிக்கவச்சு, தெருவே கேக்கற மாதிரி. ஒருநாள் இல்லேன்னா இன்னொரு நாளாவது என்கிட்ட சொல்லியிருக்கலாமேடா நீ."

நான் அழுதேன். அவள் அழவில்லை. இடது கையை நீட்டி என் வலது கையைத் தேடிப் பிடித்தாள். கறிவேப்பிலையில் புழுவைத் தேடுகிற மாதிரி விரல் விரலாகத் தடவிக்கொண்டே வந்து, கட்டைவிரலில் நின்றாள்.

"இதுவா?"

"ஆமாங்கா."

அதை அப்படியே கைக்குள் இறுக்கி வைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு அவன வரச் சொல்லு" என்றாள். பிறகு காதை ஜன்னலிலிருந்து போன் பக்கம் திருப்பினாள். "இன்னொரு தரம் போடு. பாத்திரக்காரன் தட்டறான்."

போட வேண்டுமென்றால் எனக்கு வலது கை வேண்டும். அவள் விடவில்லை. இடது கையால் தடுமாறி அழுத்தினேன்.